எல்லை நகர்ந்த தேசம் – 9: ஒரே குடும்பம், நான்கு நீதிமன்றங்கள்

கேப்டன் ஆபிரகாம் லிங்கன் மலை தாண்டிக் கென்டக்கிக்கு வந்து சேர்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனின் தாத்தா இவர். பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்கள்.

வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரையில் அவருக்கு இருந்த பண்ணையைப் பற்றி ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 1773-இல் தந்தை ஜான் லிங்கன் அந்த நிலத்தை மகனுக்கு எழுதிக்கொடுத்தபோது அது அகஸ்டா கவுன்டியில் இருந்தது. 1780-இல் மகன் அதை விற்றபோது ராக்கிங்ஹாம் கவுன்டியில் இருந்தது. இடையில், 1778-இல், அகஸ்டாவைப் பிரித்திருந்தார்கள். நிலம் வந்த பத்திரம் ஓர் ஊர் நீதிமன்றத்தில். நிலம் போன பத்திரம் இன்னோர் ஊர் நீதிமன்றத்தில்.

1864-இல் உள்நாட்டுப் போரின் நடுவே, பத்திரமாக இருக்கட்டும் என்று வண்டியேற்றி அனுப்பிய ராக்கிங்ஹாம் ஏடுகளுக்கு வடக்குப் படையினர் தீ வைத்தார்கள். ஏராளமான ஏடுகள் கருகிப்போயின. அகஸ்டாவின் ஏடுகள் தப்பித்தன. கவுன்டி பிரிந்தபோது பழைய ஏடுகள் தாய்க் கவுன்டியிலேயே தங்கிவிட்டதால்தான் 1773-ஆம் ஆண்டுப் பத்திரம் பிழைத்தது. தீ வைத்த படைக்கு அன்று தலைமைத் தளபதி, அந்தப் பத்திரத்தில் பெயர் கண்டவரின் பேரன்.

இனி கென்டக்கி.

* * *

1786, மே மாதம்.

லாங் ரன் ஓடைக்கரை. ஜெஃபர்சன் கவுன்டி. லூயிவில் ஊருக்குக் கிழக்கே காட்டை வெட்டித் திருத்திய 400 ஏக்கர். ஒரு வருடத்துக்கு முன்புதான் நில அளவர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அளவை ஏட்டில் உரிமையாளர் பெயர் லிங்கன் என்று இல்லை, 'லிங்க்ஹார்ன்' என்று இருக்கிறது. காதில் விழுந்ததை எழுதிய காலம் அது.

அன்று கேப்டன் ஆபிரகாம் மூன்று மகன்களோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். மூத்தவன் மோர்டெகாய், அடுத்தவன் ஜோசயா, கடைசி தாமஸ். தாமஸுக்கு எட்டு வயது இருக்கும்.

காட்டுக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கிச் சத்தம். தந்தை விழுந்தார்.

ஜோசயா உதவி தேடிக் கோட்டையை நோக்கி ஓடினான். மோர்டெகாய் வீட்டுக்குள் பாய்ந்து துப்பாக்கியை எடுத்தான். தாமஸ் தந்தையின் உடலருகே நின்றான். அவனைத் தூக்க வந்த பூர்வகுடி வீரனை மோர்டெகாயின் குண்டு வீழ்த்தியது. அந்தத் தாமஸ்தான் பின்னாளில் ஆபிரகாம் லிங்கனின் தந்தை.

இந்தக் கதையை லிங்கன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அதே காடு தலைமுறைகளாகத் தங்கள் வேட்டை நிலம் என்று அறிந்த மக்களுக்கும் ஒரு கதை இருந்தது. அவர்களுடைய நான்கெல்லை எந்தக் கவுன்டி ஏட்டிலும் ஏறவில்லை.

இனிமேல்தான் பத்திரம் தேடுகிறவருக்கு வேலை. ஒருவர் ஜெஃபர்சன் கவுன்டியில் நிலம் வைத்திருந்தார், அங்கேயே கொல்லப்பட்டார். அவருடைய சொத்துக் கணக்கு எங்கே இருக்கும்? ஜெஃபர்சன் நீதிமன்றத்தில் என்றுதான் யாரும் சொல்வார்கள். அங்கே இல்லை. கணவனை இழந்த பத்ஷீபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே பீச் ஃபோர்க் ஆற்றோரம் குடியேறிவிட்டார். அது நெல்சன் கவுன்டி. ஜெஃபர்சனிலிருந்து பிரிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த புதுக் கவுன்டி. கேப்டன் ஆபிரகாமின் உடைமைப் பட்டியல் 1788-இல் நெல்சன் நீதிமன்றத்தில்தான் பதிவானது. ஏர், குதிரை, பாத்திரம் என்று குடும்பத்திடம் இருந்தது அத்தனையும் அந்த ஏட்டில் இருக்கிறது. அவர் உழுத நிலமோ வேறு கவுன்டியின் ஏட்டில் இருக்கிறது.

இன்னொரு இடியும் 1786-லேயே விழுந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்பது வர்ஜீனியாவின் பழைய சட்டம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்ற புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1-ஆம் தேதி. கேப்டன் ஆபிரகாம் இறந்தது அதற்கு ஏழு மாதம் முன்னால். நிலமெல்லாம் மோர்டெகாய்க்குப் போனது. தாமஸ் கையில் ஒரு காணியும் இல்லாமல் வளர்ந்தான்.

* * *

1792-இல் கென்டக்கி தனி மாநிலமானது. அன்று அங்கே 9 கவுன்டிகள். இன்று 120.

ஏன் இத்தனை? முதல் காரணம் தூரம். கவுன்டி நீதிமன்றம் என்பது அந்த மக்களுக்கு வழக்காடும் இடம் மட்டுமன்று. பத்திரம் பதிவதும் உயில் நிரூபிப்பதும் கல்யாணத்துக்கு உரிமம் வாங்குவதும் வரி கட்டுவதும் அங்கேதான். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாது. ஒரு பத்திரத்துக்காக இரண்டு மூன்று நாள் குதிரையில் போய்வர வேண்டியிருந்தால், விவசாயி வேலையைப் போட்டுவிட்டுப் போவானா? பதியாமலே விட்டுவிடுவான். அதனால் "எங்களுக்கும் ஒரு நீதிமன்றம் வேண்டும்" என்று ஊர் ஊராக மனு எழுதினார்கள்.

அடுத்த காரணம் பதவி. புதுக் கவுன்டி வந்தால் புது எழுத்தர், புது ஷெரிஃப், புது நீதிபதிகள். தலைநகராகும் ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு மனை விலை ஏறும். மனுக்களின் முன்வரிசையில் இந்த ஆட்களின் கையெழுத்தும் இருந்தது.

கென்டக்கி மாநிலமான அதே மாதத்தில், நெல்சனை வெட்டி வாஷிங்டன் கவுன்டியை உண்டாக்கினார்கள். பத்ஷீபாவின் குடிசை இருந்த பீச் ஃபோர்க் கரை இப்போது வாஷிங்டனில். அடுத்த வருடம் நெல்சனின் மேற்குப் பகுதியிலிருந்து ஹார்டின் கவுன்டி கிளம்பியது.

கவுன்டி பிரிந்தால் ஏடுகள் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இருந்த இடத்திலேயே இருக்கும். புதுக் கவுன்டியின் எழுத்தர் முதல் ஏட்டின் முதல் பக்கத்தைத் திறக்கும் நாளிலிருந்துதான் அங்கே பதிவு. அதற்கு முந்திய நாள்வரை நடந்ததெல்லாம் தாய்க் கவுன்டியில். அதற்கும் முந்தியது தாய்க்குத் தாயில்.

ஆகவே தேடுகிறவர் இன்றைய வரைபடத்தை மடித்து வைத்துவிட வேண்டும். இந்த நிலம் இன்று எந்தக் கவுன்டி என்பது அடுத்த கேள்வி. அந்தப் பத்திரம் எழுதிய தேதியில் இந்த நிலம் எந்தக் கவுன்டி? அதுதான் முதல் கேள்வி.

அரசு முதன்முதலாக ஒருவருக்குக் கொடுத்த நில உரிமை மட்டும் மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபர்ட்டில் பதிவாகும். அங்கிருந்து கைமாறக் கைமாற, ஒவ்வொரு கிரயமும் கவுன்டியில். வில்லர்ட் ரௌஸ் ஜில்சன் என்ற புவியியலாளர் அந்த முதல் உரிமைகளையெல்லாம் தொகுத்து 1925-இல் ஒரு பெரிய அட்டவணை நூலாக வெளியிட்டார். பெயர், ஏக்கர், ஏடு, பக்கம், அளந்த தேதி, கவுன்டி, கடைசியில் நீரோடை. கவுன்டி என்ற பத்தியில் இருப்பது அளந்த நாளின் கவுன்டி. அதை இன்றைய கவுன்டி என்று எண்ணிக்கொண்டு கிளம்பியவர்கள் வேறு ஊர் நீதிமன்றத்தில் நாள் கணக்கில் தூசி தட்டியிருக்கிறார்கள்.

கடைசிப் பத்தியான நீரோடைதான் கைகொடுக்கும். சட்டமன்றத்தால் கவுன்டி எல்லையை நகர்த்த முடியும். லாங் ரன் ஓடையை நகர்த்த முடியாது. கென்டக்கியில் தேர்ந்த தேடலாளர்கள் முதலில் ஓடையின் பெயரைப் பிடிப்பார்கள், அதன் கரையில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களைப் பிடிப்பார்கள், அப்புறம்தான் எந்த நீதிமன்றம் என்று முடிவு செய்வார்கள்.

* * *

தாமஸ் லிங்கன் தச்சு வேலை கற்றார். கூலி சேர்த்தார். 1803-இல் ஹார்டின் கவுன்டியில் மில் கிரீக் ஓடையோரம் 238 ஏக்கர் வாங்கினார். 1806-இல் கல்யாணம். 1808 டிசம்பரில் நோலின் ஆற்றின் தென்கிளையில், சிங்கிங் ஸ்பிரிங் என்ற ஊற்றடி நிலத்தை 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினார். இரண்டு மாதம் கழித்து, 1809 பிப்ரவரி 12 அன்று, அங்கே ஒற்றை அறைக் குடிசையில் ஒரு மகன் பிறந்தான்.

அந்த நிலத்தின் எல்லை எப்படி எழுதப்பட்டது என்று பார்ப்போம். அன்றைய கென்டக்கியில் சர்வே எண் கிடையாது. ஒரு மரத்தில் தொடங்குவார்கள். வெள்ளை ஓக் மரம் ஒன்று. பட்டையில் கோடரியால் வெட்டிய அடையாளம். அங்கிருந்து திசைகாட்டியில் இத்தனை டிகிரி, இத்தனை கோல் தூரம். ஒரு கோலுக்குப் பதினாறரை அடி. அங்கே இன்னொரு மரம், அல்லது ஒரு கல், அல்லது பக்கத்து நிலக்காரரின் மூலை. அங்கிருந்து திரும்பி, ஓடையைக் கடந்து, மறுபடியும் தொடங்கிய வெள்ளை ஓக் மரத்துக்கே.

லிங்கன் பிறந்த நிலத்தின் எல்லை மரமாக நின்ற வெள்ளை ஓக் 1976 வரை உயிரோடிருந்தது. எத்தனையோ எல்லை மரங்களை மின்னல் அடித்தது, விறகுக்கு வெட்டினார்கள், சில மரங்களை இரவில் வந்து வேண்டுமென்றே சாய்த்தார்கள். மரம் போனால் மூலை போச்சு. அரசு உரிமம் கொடுக்கும்போது வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்று பார்க்கவே இல்லை. ஒரே நிலத்தின் மேல் இரண்டு, மூன்று, நான்கு உரிமைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்தன.

தாமஸின் மூன்று பண்ணைகளிலும் வில்லங்கம். மில் கிரீக் நிலத்தில் அளவுப் பிழை. 238 ஏக்கர் என்று வாங்கியதை 200 ஏக்கர் என்று விற்க நேர்ந்தது. சிங்கிங் ஸ்பிரிங் நிலத்தின்மேல் முந்தைய உரிமையாளர் ரிச்சர்ட் மாதருக்குப் பணம் பாக்கி இருந்தது. நிலம் இரண்டு கை மாறித் தாமஸிடம் வந்தபோது பாக்கியும் கூடவே வந்தது. 1813-இல் மாதர் வழக்குப் போட்டார். தாமஸ் நிலத்தை இழந்தார். மூன்றாவதாக நாப் கிரீக் ஓடையோரம் 30 ஏக்கர். அதன்மேல், முந்தைய உரிமைக்காரர் ஒருவரின் பிலடெல்ஃபியா வாரிசுகள், பத்தாயிரம் ஏக்கர் எங்களுடையது என்று சொல்லி அந்தப் பள்ளத்தாக்கின் குடியானவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள்.

தாமஸைச் சோம்பேறி, ஊர் ஊராக அலைந்தவர் என்று எழுதிய வாழ்க்கை வரலாறுகள் உண்டு. அந்த ஆசிரியர்கள் கவுன்டி நீதிமன்றத்தின் வழக்கேடுகளைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். காசு கொடுத்து நிலம் வாங்கி, உழுது, வரி கட்டிய மனிதர் அவர். நாப் கிரீக் வழக்கில் கடைசியில் தாமஸ் பக்கம்தான் தீர்ப்பு வந்தது, 1818-இல். அதற்கு முன்பே அவர் கென்டக்கியை விட்டுப் போய்விட்டிருந்தார்.

இந்த ஏடுகளைத் தேடுகிறவர் இன்று எங்கே போவார்? லிங்கன் பிறந்த நிலம் லாரூ கவுன்டியில், ஹாட்ஜன்வில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் லாரூ பிறந்ததே 1843-இல், ஹார்டினிலிருந்து. 1808 கிரயத்தையும் 1813 வழக்கையும் ஹாட்ஜன்வில் நீதிமன்றத்தில் தேடினால் கிடைக்காது. ஹார்டினின் தலைநகரான எலிசபெத்டவுன் ஏடுகளில் தேட வேண்டும். அதே தாமஸின் மில் கிரீக் பண்ணையோ இன்றும் ஹார்டினிலேயே இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே கவுன்டியில் வாங்கிய நிலங்கள்; இன்று இரண்டு கவுன்டிகளில்.

லிங்கனுக்கு இது நன்றாகத் தெரியும். 1860-இல் தேர்தலுக்காகத் தன் வரலாற்றை எழுதிக்கொடுத்தபோது, பிறந்த இடத்துக்கு இரண்டு கவுன்டிப் பெயர்களையும் எழுதினார்: அன்று ஹார்டின், இப்போது லாரூ. தந்தை கென்டக்கியை விட்டதற்கு அடிமை முறை ஓரளவு காரணம், நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

* * *

அதே 1860-இல் எலிசபெத்டவுனிலிருந்து லிங்கனுக்கு ஒரு கடிதம் வந்தது.

எழுதியவர் சாமுவேல் ஹேகிராஃப்ட். ஹார்டின் கவுன்டியின் எழுத்தராக நெடுநாள் இருந்தவர். அந்த ஏடுகள் அவருக்கு மனப்பாடம். தாமஸ் லிங்கனின் கல்யாணப் பதிவு அங்கே இருந்தது. மணமகள் சாரா புஷ் ஜான்ஸ்டன். ஆண்டு 1819.

மே 28 அன்று லிங்கன் பதில் எழுதினார். அது என் தந்தையின் இரண்டாம் மணம். என் தாய் நான்சி ஹாங்க்ஸ் என்று விளக்கினார்.

நான்சியின் கல்யாணப் பதிவு எலிசபெத்டவுனில் இல்லை. தாமஸ் குடியிருந்த கவுன்டி ஹார்டின். மகன் பிறந்ததும் ஹார்டின். முதல் குழந்தை சாரா பிறந்தது எலிசபெத்டவுன் ஊரிலேயே. அந்தக் கவுன்டியில் பதிவு இல்லையென்றால்?

இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்று பேசத் தொடங்கினார்கள். லிங்கன் இருந்தபோது அரசியல் எதிரிகள் கிசுகிசுத்தார்கள். சுடப்பட்டு இறந்த பிறகு அந்தப் பேச்சு அச்சில் ஏறியது. நான்சி 1818-இலேயே இறந்துவிட்டார், முப்பத்து நான்கு முப்பத்தைந்து வயதில். தனக்காக ஒரு வார்த்தை பேச அவரால் முடியாது. தேடியவர்கள் தவறான கட்டடத்தில் தேடினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணின் மானம் பல ஆண்டுகள் தெருவில் கிடந்தது. ஏட்டு வேலையை உலர்ந்த வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஓரிடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1878.

வாஷிங்டன் கவுன்டி. தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்ட், இல்லினாயில் லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்ட் அல்ல, கென்டக்கியில் உள்ள சிறிய ஊர். அதன் நீதிமன்ற எழுத்தர் டபிள்யூ. எஃப். புக்கர் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்.

1806 ஜூன் 10 தேதியிட்ட கல்யாணப் பிணைப் பத்திரம். இந்தத் திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று 50 பவுண்டுக்கு உறுதி. கையெழுத்து: தாமஸ் லிங்கன். பிணை: ரிச்சர்ட் பெர்ரி.

இன்னொரு தாள். மெதடிஸ்ட் பாதிரியார் ஜெஸ்ஸி ஹெட் தாம் நடத்திவைத்த மணங்களை வரிசையாக எழுதி நீதிமன்றத்தில் கொடுத்த பட்டியல். அதில் ஒரு வரியில் ஜூன் 12, தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ்.

காரணம் மிக எளிது. கல்யாணம் மணமகள் வீட்டில். நான்சி வளர்ந்தது பெர்ரி குடும்பத்தோடு, பீச் ஃபோர்க் கரையில். கணவனை இழந்து பத்ஷீபா வந்து தங்கிய அதே ஆற்றோரம். அவர் வந்தபோது நெல்சனாக இருந்த மண், மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது வாஷிங்டன். தாமஸின் கதையை அந்த ஓடை வழியே பின்தொடர்ந்திருந்தால் தேடல் ஸ்பிரிங்ஃபீல்டில் வந்து நின்றிருக்கும். லிங்கன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தாள் வெளியே வந்தது.

* * *

1816 டிசம்பரில் தாமஸ் குடும்பத்தோடு ஓஹையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குப் போனார்.

அங்கே மண்ணின் கணக்கே வேறு. 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறுவதற்கு முன்பே அரசு நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது. ஒரு மைல் சதுரம் ஒரு செக்ஷன், 640 ஏக்கர். முப்பத்தாறு செக்ஷன் ஒரு டவுன்ஷிப். ஒவ்வொன்றுக்கும் எண். தாமஸ் 1817-இல் வின்சென்ஸ் ஊரிலிருந்த அரசு நில அலுவலகத்துக்குப் போய், 160 ஏக்கருக்குப் பெயர் பதிந்தார்: செக்ஷன் 32-இன் தென்மேற்குக் கால்பகுதி, டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் 5 மேற்கு. விலை ஏக்கருக்கு 2 டாலர்.

வந்தபோது அது பெர்ரி கவுன்டி. 1818-இல் ஸ்பென்சர் கவுன்டியானது. ஆனாலும் இந்த முறை நிலத்தைத் தேடுவதில் சிக்கல் இல்லை. செக்ஷன் எண்ணில் கவுன்டியின் பெயரே வருவதில்லை. கவுன்டியைப் பத்துத் துண்டாக்கினாலும் செக்ஷன் 32 அதே இடத்தில்தான். பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதி 80 ஏக்கருக்கு 1827-இல் முழு உரிமை வாங்கினார் தாமஸ். வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் வழக்குப் போட முடியாத மண்.

அந்தச் சதுரங்களுக்கு நடுவே வளர்ந்த மகன், 1833-இல் இல்லினாயின் சாங்கமன் கவுன்டியில் துணை நில அளவர் ஆனான். சங்கிலியும் திசைகாட்டியும் கடனுக்கு வாங்கி, அளவை நூலை இரவெல்லாம் படித்துத் தேறினான். 1836-இல் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊருக்குத் தெருவும் மனையும் அவன் அளந்து கொடுத்ததுதான்.

1834-லேயே அவன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டான். தொகுதி, அதே சாங்கமன்.

1839-இல் சாங்கமன் கவுன்டியை வெட்டும் சட்டம் அவைக்கு வந்தது. மெனார்ட், லோகன், டேன் என்று புதுக் கவுன்டிகள். அவன் வாழ்ந்த நியூ சேலம் கிராமமும் அவன் அளந்த பீட்டர்ஸ்பர்க்கும் ஒரே நாளில் வேறு கவுன்டிக்குப் போகப்போகின்றன. பிரிக்கச் சொல்லும் மனுக்கள் ஒரு பக்கம். பிரிக்காதே என்னும் மனுக்கள் இன்னொரு பக்கம். தந்தையின் மூன்று பண்ணைகளையும் வில்லங்கம் பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவன், தன் சொந்தக் கவுன்டியின்மேல் கோடு போட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

சாங்கமனின் உறுப்பினர் ஆபிரகாம் லிங்கன் அந்தக் கோட்டை எங்கே போட்டார்?

(தொடரும்)